பச்சைப் புலியின் முகம்

1

ஆத்தாவின் குரல் கேசட்டில் வந்தது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். லீவுக்கு எங்கள் ஊர் போடிக்குப் போய்த் திரும்பியவர் ஒரு பொட்டலம் ஏலக்காயும் அந்தக் கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆத்தாவுக்கு அதுவும் இல்லை. அதனால் எங்களுக்குள் கடிதம் கிடையாது. பேசிப் பதிந்து, போகிற வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பிக்கொள்கிறோம். இதை எழுதவே எனக்குப் பல நாள் ஆகிறது. பிழை இருந்தால் ஊரில் உள்ளவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மகன் செல்வாவைப் பாலர் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்தாவது மாடி அடுப்படியில் நின்று, பிழிந்த துணியை மூங்கில் கழியில் கோத்துக்கொண்டே கேட்டேன்.

"ஆத்தா ஈஸ்வரி, நல்லாருக்கியா. பேரன் நல்லாருக்கானா. மாப்ளைய கேட்டேன்னு சொல்லு. இங்க மழை இல்ல. மேல ஏலக்காட்டுல கொஞ்சம் பேஞ்சிருக்குன்னு சொல்றாக. நான் எதுக்குப் பேசுறேன்னா, ஒங்க அண்ணனுக்குத் தலைத்தெவசம் வருது. படம் வச்சு மாலை போடணும். நம்மகிட்ட இருந்தது ஒரே படம். அதையும் கப்பலேறும்போது நீ எடுத்துக்கிட்டுப் போயிட்ட. புலிக்கு எப்படித்தா மாலை போடுறதுன்னு ஒங்க பெரியப்பன் கேக்குறாரு. நீ அங்கன ஏதாச்சும் வழி பண்ணி, புலிய எடுத்துட்டுப் பாண்டிய மட்டும் அனுப்பு. அந்த ஊர்ல எல்லாம் முடியுமாம்ல."

அப்புறம் கேசட்டில் தெருச் சத்தம் கேட்டது. வெளியே ஒரு ஜீப்பு ஆரன் அடித்துக்கொண்டு போனது. எங்கள் தெருவில் காலையில் மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு. "இது ஓடுதா, நின்னுருச்சா" என்று ஆத்தா யாரிடமோ கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது.

"எனக்கு அவன் மூஞ்சி மறந்துருமோன்னு இருக்கு தாயி."

நான் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டாமல் அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆத்தா சொன்னது எனக்கும்தான். சில மாதங்களாகக் கண்ணை மூடி அண்ணனை நினைத்தால் புலிதான் வந்து நிற்கிறது. அந்தப் புலியை வரைந்தது நான்.

2

அண்ணனுக்கு ஏன் வேறு படம் இல்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் படம் எடுக்கிற பழக்கம் எங்கே இருந்தது. என் கல்யாணத்தில் ஒரு போட்டோக்காரர் வந்தார். அண்ணன் அன்றைக்கு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எல்லாப் படத்திலும் தேடியிருக்கிறேன். ஒன்றில் சாம்பார் வாளியோடு முதுகு. ஒன்றில் பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு தோள். மணவறையில் எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய படத்தில், அவன் நின்ற இடத்தில் யாரோ ஒரு பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரம் மாப்பிள்ளை வீட்டாருக்கு சோடா வாங்கப் போயிருந்தானாம்.

மிச்சம் இருப்பது திருவிழாவில் எடுத்த படம் மட்டும். கறுப்பு வெள்ளை. முகம் பூராவும் புலிக்கோடு.

3

அது எழுபதுகளின் கடைசி. நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதே கடையின் சரக்குக் கிட்டங்கியில் அண்ணன் லோடு ஏற்றி இறக்குவான். சின்ன வயதில் அவனுக்கு அம்மை கடுமையாகப் போட்டு, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தபோது, பிழைத்தால் வருஷா வருஷம் அவனுக்கு வேஷம் போட்டுக் கூட்டி வர்றேன் என்று ஆத்தா வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்துவிட்டது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போவோம். வேஷம் போட்டுவிட அங்கே ஒருவர் இருப்பார். அவரிடம் எப்போதும் கூட்டம்.

ஒரு வருஷம் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. முதல் நாளே கிட்டங்கியிலிருந்து வந்தவன், மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பச்சைத் தூள். காய் பச்சையாக மினுங்குவதற்கு அப்போது சில கடைகளில் சேர்ப்பார்கள். அந்தச் சாயம்.

"ஏ ஈஸ்வரி, நீயே எனக்குப் புலி போட்டு விடு. அந்தாளுகிட்ட யாரு நிக்கிறது."

"புலி மஞ்சளாத்தானண்ணே இருக்கும். இது பச்சையா இருக்கு."

"மஞ்சளா இருக்கணும்னு யாரு சொன்னா. அது கீழ் நாட்டுப் புலி. மலைப் புலி பச்சையாத்தான் இருக்கும். ஏலக்காட்டுக்குள்ளயே படுத்துக் கெடக்குறதுல்ல."

ஆத்தா சிரித்துவிட்டது. சாயத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தோம். கறுப்புக்கு விளக்குக் கரி. தூரிகைக்கு வேப்பங்குச்சியை மென்று நார் ஆக்கிக்கொண்டேன். விடியக்காலம் கிணற்றடியில் அவனை உட்கார வைத்துப் போட்டேன். அவன் சும்மா உட்காரவில்லை. அதிகாரம் பண்ணினான்.

"அந்த அம்மைத் தழும்பை மறைச்சிரு. அதைப் பாத்துத்தான் எல்லாரும் என்னையக் கண்டுபிடிச்சிர்றாய்ங்க."

மீசை இடத்துக்கு வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். காதுக்கு வரும்போது சாயம் தீர்ந்துவிட்டது. காதை அப்படியே விட்டுவிட்டோம். வீரபாண்டியில் ஆற்றங்கரைப் போட்டோக்காரர் அவனைப் பார்த்ததும் தானாகவே கூப்பிட்டு நிறுத்தினார். பச்சைப் புலியை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். படத்தில் பச்சை விழாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கோயில் முடிந்து ஆற்றில் இறங்கிக் கழுவினான். கரி போனது. பச்சை போகவில்லை. சீயக்காய் போட்டான், மணலைப் போட்டான், மண்ணெண்ணெய் போட்டான். முகம் எரிந்து தடித்ததுதான் மிச்சம். மறுநாள் பச்சை முகத்தோடு கிட்டங்கிக்கு வந்தான். மலைக்குப் போகிற ஜீப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் விடவில்லை.

"ஏய் மாப்ளே, காயா பழமா."

"அத்தாச்சி, இன்னும் வெளையல. வெளைஞ்சதும் சொல்லி விடுறேன்."

கடை முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏலே பாண்டி, இந்தக் கலருக்கு ஒன்னைய ஏலத்துல வச்சா முதல் தரத்துல போயிருவ" என்றார். பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அந்தத் தூள் கடைக்கு எதற்கு என்றும் பேச்சு வரும்.

நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. காதோரம் கடைசி வரை பச்சை நின்றது. காய்க்குப் போடுவதை மனுஷன் முகத்துக்குப் போடக் கூடாது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

4

அடுத்த வருஷத்திலிருந்து தெருப் பிள்ளைகள் என்னிடமே வந்தன. கரும்புள்ளி செம்புள்ளி, கிளி, புலி. நான் காய் பொறுக்கிய கைதான். விரல் நுனியில் சின்னதும் பெரியதும் தெரியும், அதுதான் உதவி. முகத்தில் முதலில் எண்ணெயைத் தொட்டு மெல்லிசாகத் தேய்த்துவிட்டால் கழுவும்போது வெரசாப் போய்விடும் என்று கண்டுபிடித்தேன். நெற்றியில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். கண்ணோரத்தைக் கடைசிக்கு வைக்க வேண்டும். கண் கிட்டே கை போனதும் பிள்ளை எழுந்துவிடும், அதற்குள் மற்றது முடிந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் வேறு மாதிரி. பிள்ளை முகம் துடைத்த பலகை. பெரியவர் முகத்தில் ஏற்கெனவே கோடு இருக்கிறது. அதை எதிர்த்து வரைந்தால் சாயம் பிளந்துவிடும். அது போகிற வழியிலேயே போக வேண்டும். கண்ணை மூடியதும் அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். வீட்டில் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள். நான் ம் கொட்டிக்கொண்டு என் சோலியைப் பார்ப்பேன்.

ராசிங்காபுரத்தில் தோட்டம் தொரவு உள்ள ஒருவர் வந்தார். மகளுக்கு அம்மை இறங்கியதற்கு வேஷம் போட்டு மடிப்பிச்சை எடுப்பதாக நேர்ந்திருந்தார். காசு உள்ளவர்களுக்கும் அது உண்டுதானே. "யாருக்கும் அடையாளம் தெரியாத மாதிரி போட்டு விடு தாயி" என்றார். கரியும் செந்தூரமும் வைத்து, அவர் புருவத்தையே தூக்கி வேறு இடத்தில் வைத்தேன். ஏழு வீடு ஏற வேண்டும். கடைசியாக அவர் போனது தன் வீட்டுக்கே. அவர் பெண்சாதி வாசலுக்கு வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"கையி காலு நல்லாத்தான இருக்கு. எதுக்கு எடுக்குற பிச்சை. தோட்டத்துல ஆளு இல்லாம கெடக்கு. வந்து சோலியப் பாரு, கூலி தர்றேன்."

அவர் வாயைத் திறக்கவில்லையாம். ஒரு பிடி அரிசி போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார் அந்த அம்மாள். மறு வருஷம் வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"எம் பொண்டாட்டி கூலி பேசுறத அன்னைக்குத்தான் தாயி கேட்டேன். நான் கூலியாளா இருந்தா அங்க வேலைக்கு நின்னுருக்க மாட்டேன்."

அண்ணன் பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிப்புச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாய் எப்படித் திறந்தது என்பதுதான் வரவில்லை.

5

இங்கே வந்த பிறகு என் நாள் இப்படித்தான் போகிறது. காலையில் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்டுவது. செல்வாவுக்குச் சட்டை மாட்டி, மின்தூக்கியில் இறங்கி, புளோக்குக்குக் கீழேயே இருக்கிற பாலர் பள்ளியில் விடுவது. திரும்பி மேலே வருவது. கதவுகள் எல்லாம் ஒரே நிறம். முதல் வருஷம் இரண்டு தடவை வேறு மாடியில் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

செல்வா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். கோபத்தில் கூட இங்கிலீஷ்தான். அவனிடம் அந்தப் படத்தைக் காட்டி மாமா என்று சொல்லியிருக்கிறேன். அவன் அதை டைகர் அங்கிள் என்கிறான். மாமா என்றால் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர்.

போன வருஷம் தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். மலைச் சாலையில் மழையில் லோடு ஜீப்பு கவிழ்ந்துவிட்டது. பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவன் அண்ணன். தந்தியில் இதெல்லாம் இல்லை. பாண்டி தவறிவிட்டான் என்று மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஓடினார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"யார் இறந்தது."

"அண்ணன்."

"அப்பா, அம்மா, புருஷன், பிள்ளை. இதுல யாராச்சும்னா அவசரம்னு போடலாம். அண்ணனுக்கு இடம் இல்லையேம்மா."

பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஊரில் கருமாதியே முடிந்துவிட்டது. இனிப் போய் என்ன செய்ய என்று ஆத்தாவே சொல்லி அனுப்பியது. இங்கே மாமியாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான்மா தீட்டு. தலைக்குத் தண்ணி ஊத்திக்க" என்றார். ஊற்றிக்கொண்டேன். ஆனால் மூன்று நாள் எனக்குப் போதவில்லை. வருஷம் முடிகிறவரை பூ வைப்பதில்லை, கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை, சாயத்தைத் தொடுவதில்லை என்று நானே வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

6

கேசட் வந்த வாரமே படத்தை எடுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே ஒரு தமிழர், சின்னத் தூரிகையும் கத்தியும் வைத்துக்கொண்டு பழைய படங்களைச் சரி பண்ணுவார். விரிசல் விழுந்த படம், பூஞ்சை பிடித்த படம் எல்லாம் புதுசாக ஆகிவிடும். அவர் அண்ணனின் படத்தை விளக்குக்குக் கீழே வைத்து நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நல்ல வேஷம். யாரு போட்டது."

"நான்தாங்க. இதை எடுத்துட்டு மொகத்தை மட்டும் வேணும்."

"அம்மா, நான் கோட்டை அழிச்சா கீழ மொகம் இருக்காதும்மா. வெறும் காயிதம்தான் இருக்கும். கீழ என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும். நான் வரையணும். இதுல நெசமா இருக்கிறது இந்த ரெண்டு கண்ணு, ரெண்டு காது, அவ்ளோதான்."

"சொல்றேங்க."

"மூக்கு நேரா, கோணலா."

நல்ல மூக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. கன்னம் ஒட்டியிருக்குமா, உப்பியிருக்குமா என்றார். நடுத்தரம் என்றேன். உதடு தடிப்பா என்றார். நான் படத்தைப் பார்த்தேன். புலி என்னைப் பார்த்தது.

"அவசரம் இல்லம்மா. ஞாபகம் வந்ததும் வாங்க" என்று உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவசரம் இருந்தது. கப்பல் பட்டறைக்காரரோடு வேலை செய்பவர் ஒருவர் இரண்டு வாரத்தில் ஊருக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தால்தான் திவசத்துக்குப் போய்ச் சேரும்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அண்ணனும் நானும் ஒரே வயிறுதானே, என் முகத்தில் அவன் கொஞ்சமாவது இருப்பான் என்று மூக்கைத் தடவித் தடவிப் பார்த்தேன். என்னை எல்லாரும் அப்பா ஜாடை என்பார்கள். அவனை யார் ஜாடை என்றார்கள். அதுவும் நினைவு வரவில்லை.

7

பள்ளி கார்னிவல் வந்தது. செல்வாவின் டீச்சர் மேரி இந்த ஊர்த் தமிழ்ப் பெண். என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"செல்வாம்மா, உங்களுக்கு டைகர் போடத் தெரியுமாமே. செல்வா கிளாஸ் முழுக்கச் சொல்லிட்டான். ஃபேஸ் பெயிண்டிங் ஸ்டாலுக்கு ஆளே கெடைக்கல."

"இல்ல டீச்சர். எங்க வீட்ல துக்கம்."

"ஐயோ, எப்ப."

"வருசம் ஆகப் போகுது."

அவர் செல்வாவைப் பார்த்தார். செல்வா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் ஊட்டப் போனபோது முதல் தடவையாகத் தமிழில் ஒரு முழு வாக்கியம் சொன்னான். "எல்லாரும் என்னைப் பொய்க்காரன்னு சொல்லுவாங்க அம்மா." வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒன் இஷ்டம் ஈஸ்வரி. ஆனா பாண்டி மச்சான் இருந்தா அவரே வந்து வரிசையில மொத ஆளா உக்காந்திருப்பாரு" என்றார்.

போனேன். மனம் இல்லாமல்தான் போனேன். இங்கே சீன நாடகக்காரர்களுக்கு முகச்சாயம் விற்கிற கடை இருக்கிறது. தண்ணீரில் கரைகிற வில்லைகள். கழுவினால் போய்விடும். முதலில் என் மணிக்கட்டில் தடவி ஒரு நாள் வைத்திருந்து, அரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு செல்வாவின் முழங்கையில். ஊரில் யாராவது ஆரம்பிக்க நினைத்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு பஞ்சு. தண்ணீர் கலங்கினால் மாற்ற வேண்டும். சளி ஒழுகுகிற பிள்ளைக்கும் கண் சிவந்த பிள்ளைக்கும் முகத்தில் போடக் கூடாது, அழுதாலும் சரி. ரொம்பச் சின்னதுகளுக்குப் புறங்கையில் ஒரு பூ போதும். சுண்டு விரலைப் பிள்ளையின் தாடையில் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது. கண்ணாடியைப் பாதியில் கேட்கும், கொடுக்கக் கூடாது.

மேசைக்கு முன்னால் வரிசை வளர்ந்தது. பட்டாம்பூச்சி, பூனை, திரும்பவும் பட்டாம்பூச்சி. ஒரு சீனத் தகப்பனார், மகள் கேட்டதற்காகத் தானும் உட்கார்ந்தார். கண்ணை மூடியதும் பேச ஆரம்பித்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. ம் கொட்டினேன். அவர் நிறுத்தாமல் பேசினார். பெரியவர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

செல்வா கடைசியில் வந்து உட்கார்ந்தான். படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தான். வீட்டிலிருந்து எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

"இதே மாதிரி."

நான் பச்சையைத் தொட்டேன்.

"அம்மா, டைகர் ஆரஞ்சு. டீச்சர் சொன்னாங்க."

"அது கீழ் நாட்டுப் புலிடா. மலைப் புலி பச்சையாத்தான் இருக்கும்."

"ஏன்."

"ஏலக்காட்டுக்குள்ளயே படுத்துக் கெடக்கும்ல. ஒட்டிக்கிச்சு."

அவன் யோசித்துவிட்டுச் சரி என்றான். படத்தை மேசையில் சாய்த்து வைத்து, பார்த்துப் பார்த்து அதே கோடுகளைப் போட்டேன். ஒரு வருஷமாக நான் புலி போடவில்லை. முதல் கோடு நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே. படத்தில் மற்ற கோடுகள் மெல்லிசு. இது மட்டும் விரல் தடிப்பு. செல்வாவின் சின்ன நெற்றியில் அது அசிங்கமாக, சேறு அப்பிய மாதிரி நின்றது. இவ்வளவு தடிப்பாக ஏன் போட்டேன் என்று நினைத்தபோதே கிணற்றடிக் குரல் கேட்டது. அந்தத் தழும்பை மறைச்சிரு. அங்கேதான் இருந்தது தழும்பு. சோளத்தை அழுத்தி எடுத்த மாதிரி ஒரு குழி, பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொன்று.

அடுத்தது மூக்கு. படத்தில் கோடு மூக்குத் தண்டின் நடுவில் ஆரம்பிக்கவில்லை. வலது பக்கம் தள்ளி ஆரம்பித்து நடுவுக்கு வந்தது. அப்படியே போட்டேன். கன்னக் கோடு பாதி வழியில் திடீரென்று உள்ளே மடங்கியது. செல்வாவின் கன்னம் அங்கே மடங்கவில்லை, உருண்டையாக இருந்தது. கோடு அதில் உட்கார மறுத்தது. வாயோரம் கோரைப்பல். அது ஒரு பக்கம் மட்டும் பெரிசு. அந்தப் பக்கம் அண்ணனுக்குப் பல் மேலே ஏறி உதட்டைத் தூக்கியிருக்கும். அதை ஒளிக்கத்தான் பெரிசாகப் போட்டிருக்கிறேன்.

காதை விட்டுவிட்டேன். படத்தில் காதில் சாயம் இல்லையே.

கண்ணாடியைக் கொடுத்தேன். செல்வா பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"அம்மா, என் மூக்கு கோணலா இருக்கு."

"ஆமாடா."

"என் மூக்கு ஸ்ட்ரெய்ட்தானே."

"ஒன் மூக்கு நேருதான். மாமா மூக்குத்தான் கோணல். இடது பக்கம் சாஞ்சிருக்கும், அது நேராத் தெரியத்தான் கோட்டை வலது பக்கம் தள்ளிப் போட்டேன். கொய்யா மரத்துல இருந்து விழுந்தான்."

மேரி டீச்சர் குனிந்து பார்த்தார். "என்ன செல்வாம்மா, கண்ணுல பெயிண்டு பட்டுருச்சா" என்றார். பட்டுவிட்டது என்றேன். செல்வா அதற்குள் ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வேறு பிள்ளைகள் வந்து பச்சைப் புலி வேண்டும், மூக்கு கோணலாக வேண்டும் என்று நின்றன. எல்லாவற்றுக்கும் போட்டேன்.

8

திங்கட்கிழமை ஸ்டுடியோ திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். படத்தை வேறாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக எடுத்தார். ஒரு கோட்டை அழிப்பார், என்னைப் பார்ப்பார். நான் சொல்வேன். இங்கே தழும்பு. இங்கே மூக்கு சாயும். இந்தக் கன்னம் உள்ளே போகும், கடைவாய்ப் பல் பிடுங்கியது. அவர் தூரிகை சின்னது, பூனை மயிர் மாதிரி. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன்.

"மீசை" என்றார்.

"அரும்பு மீசை. தூரிகை பட்டா மூச்சை அடக்கிக்குவான்."

"அதை வரைய முடியாதும்மா" என்றார். ஆனால் கொஞ்ச நேரம் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

முடித்து நிமிர்த்தி வைத்தபோது அண்ணன் இருந்தான். கண்ணும் காதும் போட்டோக்காரர் எடுத்தது. மற்றதெல்லாம் நான் சொல்லி இவர் வரைந்தது. ஒட்டுப்போட்டது தெரியவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து செல்வாவிடம் காட்டினேன். நேரம் எடுத்துப் பார்த்தான்.

"இது யாரு."

"மாமா."

"டைகர் எங்க போச்சு."

புலிப் படம் என்னிடம்தான் இருக்கும் என்றேன். அவன் அதை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திவசம் முடிந்து கொஞ்ச நாளில் ஆத்தாவின் கேசட் வந்தது. இந்தத் தடவை துணி துவைக்கவில்லை. உட்கார்ந்து கேட்டேன்.

"ஆத்தா ஈஸ்வரி, படம் வந்துச்சு. சந்தனம் வச்சு, மாலை போட்டு, எல போட்டுப் படைச்சோம். பெரியப்பன் பாத்துட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. ஜீப்புக்காரப் பொம்பளைக எல்லாம் வந்துச்சுக. பாண்டியேதான், அந்தத் தழும்பு, அந்த மூக்குன்னு ஒரே அழுகை. எனக்கும் அப்படியே எதுக்க வந்து நிக்கிறான். வாயத் தொறந்தாப் பேசிருவான்."

டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் தாயி. அந்த ஆளு காதை மட்டும் சரியா வரையல. பாண்டி காது அப்படி இருக்காது. பரவால்ல விடு. காதுதான."